கமலநாதனும் தண்ணீர்க் குழாயும்

“நான் போட்ட ரப்பரைத் தண்ணி ஊத்திப் பாக்கிறவன் இன்னும் பொறக்கல. தண்ணி ஊத்துறது செடி வளக்கிறவன் வேலை. என் கை போட்டா போட்டதுதான்!”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம், சென்ற ஆண்டு ஆயுத பூசை வாரத்துத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையோரம் வேன் கதவு ரப்பர் மாற்றும் பட்டறை ஒன்றில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் கமலநாதன், வயது ஐம்பத்து நான்கு. கேட்டவர்கள் இருவர். ஒருவர், பழுதான வேனோடு வந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் முறுக்கு வியாபாரி குமுதா. மற்றவர், தேநீர் கொண்டுவந்த கமலநாதனின் மனைவி உஷாராணி. அவர் இதைப் பலமுறை கேட்டவர் என்பதால் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கமலநாதனின் வம்சச் சிறப்பைச் சொல்லியாக வேண்டும். தாத்தா ரப்பர் மரம் சீவினார். அப்பா ரப்பர் பாலைத் தகடாக்கும் ஆலையில் நின்றார். இவர் ஷா ஆலம் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கதவு ரப்பர் செய்துவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தால் ரப்பரிடமிருந்து தப்ப முடியவில்லை. இப்போதைய கதவு ரப்பரில் மரத்துப் பால் ஒரு சொட்டும் இல்லை என்பது அவருக்கே தெரியும். பரம்பரைப் பெருமை பேசும்போது மட்டும் மறந்துவிடும்.

குமுதாவின் வேனில் பின்கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து, பிளந்து, மேல்மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சாயங்கால மழை அந்த வழியாகத்தான் உள்ளே போய் அட்டைப்பெட்டிகளை நனைத்தது. பெட்டிக்குள் இருந்ததோ ஸ்டேப்பிளர் அடித்த முறுக்குப் பாக்கெட்டுகள். செலாயாங் மொத்தக் கடைக்காரர் தம்புசாமி முதல் தடவை பொறுத்துக்கொண்டார். இனியும் நமுத்த முறுக்கு வந்தால் தீபாவளி ஆர்டர் முழுவதும் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். குமுதாவின் வருடத்தில் பாதி அந்த ஒரு ஆர்டர்தான்.

கமலநாதன் பழைய ரப்பரைப் பிடுங்கினார். விளிம்பைச் சுரண்டித் துடைத்தார். புது ரப்பரை இழுக்காமல், சுருக்காமல், மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினார். இரு முனையும் சேரும் ஒட்டு கதவின் அடிப்பக்கம் வரும்படி வெட்டினார். குறை சொல்ல முடியாத வேலை. அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்த வாழ்க்கைச் சித்திரத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஆயுத பூசை வாரம் அல்லவா? அந்த வாரம் பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு வேனுக்கும் அவர் திருஷ்டி கழிப்பார். கதவுக்குச் சந்தனம், குங்குமம். மஞ்சள் நூலில் கோத்த எலுமிச்சை கதவின் வெளியே தொங்கும். நூலின் மறுமுனை உள்ளே கொக்கியில் முடிச்சாக இருக்கும். கண்ணேறு வெளியிலேயே நிற்க வேண்டும், அருள் உள்ளே போக வேண்டும் என்பது அவருடைய பொறியியல்.

“அண்ணே, ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்துரலாமா?” என்று குமுதா கேட்டது அப்போதுதான். பிரகடனம் பிறந்ததும் அப்போதுதான்.

புதன்கிழமை ஹைவேயில் மழை வெளுத்து வாங்கியது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் மறுபடி பட்டறை வாசலில் நின்றது. குமுதா இறங்கி, ஒரு முறுக்கை எடுத்துக் கமலநாதன் கையில் கொடுத்தார்.

“கடிங்கண்ணே.”

கடித்தார். சத்தமே வரவில்லை.

“ரெண்டு பெட்டி இப்படி. கெஞ்சிக் கூத்தாடி சனிக்கிழமை வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். அன்னைக்கும் இப்படின்னா நான் சட்டியக் கவுத்துட வேண்டியதுதான் லா.”

“மழை ஒருவேளை கீழேருந்து…”

“மழை எந்த ஊர்லண்ணே கீழேருந்து வருது?”

உள்ளிருந்து உஷாராணியின் குரல் வந்தது. “பைப்பு இங்கதான் இருக்கு. வேனுக்குள்ள போய் உக்காருங்க, நான் வெளிய பிடிக்கிறேன்.”

“எனக்குத் தெரியாதா? வேலை இருக்கு, போ.”

வேலை இருந்தது உண்மை. அது எதிலும் கை ஓடவில்லை என்பதும் உண்மை. பத்து நிமிடம் ஸ்க்ரூ டிரைவர்களை உயர வாரியாக அடுக்கினார். குமுதா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த பாக்கெட்டுகளைப் பிரித்துத் தரையில் குவித்துக்கொண்டிருந்தார். அந்தக் குவியல்தான் கமலநாதனை எழுப்பியது. டார்ச்சை எடுத்தார். வேனுக்குள் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே உஷாராணி பீய்ச்சிய தண்ணீர் தகரத்தில் தடதடத்தது. உள்ளே இருட்டு. கமலநாதன் சக்கரத்து மேட்டில் குந்தியபடி ரப்பர் நெடுக டார்ச்சை ஓட்டினார். அடிப்பக்கம் காய்ந்திருந்தது. ஓரங்கள் காய்ந்திருந்தன. மேல்மூலையில் மட்டும் ஒரு சொட்டு மின்னியது, நகர்ந்தது, அவர் மூக்கில் விழுந்தது. அடுத்த சொட்டு மஞ்சள் நிறத்தில் வந்தது. ரப்பருக்கு அடியில் புகுந்து வந்த மஞ்சள் நூல், விளக்குத் திரி எண்ணெய் குடிப்பது மாதிரி மழையைக் குடித்து, அருளோடு சேர்த்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. “நூலு” என்றார் கமலநாதன்.

“யாரு கட்டினது?” என்றார் உஷாராணி, தெரியாதவர் போல.

அதற்குப் பதிலாகக் கத்தரிக்கோல் வந்தது. நூல் போன பிறகு அவரே மறுபடி உள்ளே ஏறி, கால் மணி நேரம் உட்கார்ந்து, காய்ந்த மூக்கோடு இறங்கினார். குமுதா கன்னத்தில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். பட்டறையில் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சனிக்கிழமையும் மழை. மாலை ஐந்தே காலுக்கு குமுதாவின் போன்.

“அண்ணே, தம்புசாமி அண்ணன் கடிக்கிறாரு, கேளுங்க.”

நொறுக்கென்ற சத்தம் செலாயாங்கிலிருந்து கிள்ளான் வரை தெளிவாக வந்தது. பின்னாலேயே ஒரு குரல்: “தீபாவளிக்கு எல்லாம் உங்க முறுக்குதான், போதுமா?” குமுதா சிரித்தாரா அழுதாரா என்று போனில் சொல்ல முடியாது. கமலநாதன் போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைக்க நிறைய நேரம் ஆயிற்று.

அந்த வாரம் அவர் நூல் கட்டி அனுப்பிய வேன்கள் இன்னும் ஆறு இருந்தன. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் போட்டார். “ஒண்ணுமில்ல பாஸ், சும்மா திங்கக்கிழமை கொண்டாங்க. ஒரு சின்ன வேலை.”

திங்கட்கிழமை முதலில் வந்தது ஒரு மெத்தைக் கடை வேன். அதன் சொந்தக்காரர் தேநீர் குடிக்கப் போனார். கமலநாதன் இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“உஷா, பைப்பத் திறந்து விடு. மெதுவா வேணாம், நல்லா.”