மாடு எழும் விதம்

விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஏழாவது குறிப்பு: இணைப்புகள் அனைத்திலும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் இருக்க வேண்டும். எட்டாவது குறிப்பு: அண்மையில் வரைந்த பத்துப் படங்களை இணைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தேன். படங்களும் இணைப்புகள்தான், ஆகவே பத்திலும் சான்றொப்பம் வேண்டும். அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் ஓவியத்தில் பட்டம் முடித்து ஊர் திரும்பியிருந்தேன். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. நான்கு ஆண்டுகளாகக் கரும்பலகையில் மாம்பழமும் பூச்சாடியும் வரைந்துகொண்டிருந்தேன். முதுகலையில் சேர வயது வரம்பு உண்டு; எனக்கு அதுதான் கடைசி ஆண்டு. விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். அதற்குப் புதன்கிழமை மூன்று மணிக்குள் பாலக்கோடு தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி என்றால் கால்நடை மருத்துவர்தான். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லோரும் மாடுகளோடு வரிசையில் நின்றுதான் சான்றொப்பம் வாங்குவார்கள். செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் என்னை மொபெட்டில் கூட்டிப்போனார். எங்களுக்கு முன்னால் ஒருவர் எருமையோடு நின்றிருந்தார்.

மருத்துவர் புதிதாக வேலைக்கு வந்தவர். என் வயதுதான் இருக்கும். சான்றிதழ் நகல்களை அசலோடு வரி வரியாக ஒப்பிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு படங்களைக் கையில் எடுத்தார்; அவற்றில் எங்கள் வீட்டு மாடும் இருந்தது.

“இதுக்கு ஒரிஜினல் எங்கங்க டீச்சர்?”

“இதேதான் சார் ஒரிஜினல்.”

“ஒரிஜினல்ல நான் சைன் பண்ண முடியாதுங்களே. நகலுக்குத்தான் போடுவோம்.”

“அப்ப மாட்டத்தான் ஓட்டிக்கிட்டு வரணும் போலருக்குது,” என்றார் அண்ணன்.

எருமைக்காரர் திரும்பிப் பார்த்தார். “அப்படியே நம்ம எருமைக்கும் ஒரு சீல் போடச் சொல்லுங்க. சந்தையில ரெண்டு காசு கூடக் கெடைக்கும்.”

மருத்துவர் சிரிக்கவில்லை. ஏழாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில் எங்கள் மாடு படுத்திருந்து எழுகிற படம். பத்தில் சிறந்தது அதுதான் என்று நான் எண்ணியிருந்தேன்.

“இது மாடுங்களா, குதிரைங்களா?”

“மாடு சார். எங்க வூட்டு மாடு.”

“மாடு முன்னங்கால ஊனி எழாதுங்களே டீச்சர். பின்பக்கந்தான் மொதல்ல எழும். அதுவரைக்கும் முன்னாடி முட்டி போட்டுக்கிட்டே இருக்கும். குதிரைதான் நீங்க போட்ட மாதிரி எழும்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை அந்த மாட்டைக் கறப்பவர். படத்தைப் பார்த்து, ‘அப்படியே நம்ம மாடு’ என்று முந்தின வாரம் சொன்னவர். இப்போது அவர் கூரையைப் பார்த்தார்.

“சார் சொல்றது சரிதானுங்க,” என்றார் எருமைக்காரர். “அது எப்படி எழுதுன்னு வூட்ல யாரும் பாக்கறதில்லீங்களா? கறக்கறதோட சரியா?”

படங்களுக்குச் சான்றொப்பம் தேவையே இல்லை, சான்றிதழ்களுக்கு மட்டும்தான் கேட்பார்கள் என்று மருத்துவர் சொல்லி, பத்தையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். வேலை முடிந்துவிட்டது. அன்றே அனுப்பியிருக்கலாம்.

“மெட்ராஸ்ல எவன் மாட்ட உத்துப் பாத்தான்? அப்படியே அனுப்பிவுடு,” என்றார் அண்ணன், வழியில்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து மாடு கட்டியிருக்கிற வீட்டில் வளர்ந்தவள் குதிரையை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்பது எனக்கு விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. கல்லூரியில் இரண்டு மாதம் ஒரு குதிரை லாயத்தில் உட்கார்ந்து வரைந்திருந்தோம். கைக்கு அந்த எலும்புகள்தான் பழக்கம். அதன் மேல் எங்கள் மாட்டின் தோலைப் போர்த்தியிருக்கிறேன்.

புதன்கிழமை பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆறு மணிக்கு மாட்டின் எதிரில் உட்கார்ந்தேன். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆறு இருபதுக்கு எழுந்தது. நான் பென்சிலைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் நான்கு காலில் நின்றது. அதன் பிறகுதான் சிக்கல்: எழுந்த மாட்டை மறுபடி படுக்க வைக்க யாராலும் முடியாது. அண்ணன் தீவனம் போட்டார், தண்ணீர் காட்டினார், கழுத்தைத் தடவினார்.

“இன்னக்கினு பாத்து ஆபீசர் மாதிரி நிக்குது பாரு,” என்றார்.

ஒன்பது மணி பேருந்து போயிற்று. பதினொரு மணி பேருந்தும் போயிற்று. இதோடு வயது வரம்பும் தாண்டிப் போய்விடும் என்று தெரிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் மாடு முன்னங்கால்களை மடித்து மெதுவாகப் படுத்தது. நான் தாளை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டு மாட்டையே பார்த்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அது தலையை முன்னால் நீட்டியது. முட்டிகளில் உடம்பைத் தாங்கியது. இடுப்பு ஒரே வீச்சில் மேலே போனது. ஒரு கணம், வணங்குவதுபோல அப்படியே நின்றது. அந்த ஒரு கணத்தை, தாளைப் பார்க்காமலே, பத்துப் பன்னிரண்டு கோடுகளில் போட்டேன். தலை தாளுக்கு வெளியே போய்விட்டது. வாலைப் போடவே இல்லை.

பழைய படம் சுத்தமாக, நிழல் வைத்து, ஓரத்தில் கட்டம் கட்டி இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். இந்தத் தாளை ஏழாவதாக உறையில் செருகினேன். அண்ணன் மொபெட்டைப் பாலக்கோட்டுக்கு விரட்டினார். பதிவுத் தபால் ரசீதில் நேரம் இல்லை. என் நாட்குறிப்பில் இருக்கிறது: இரண்டு ஐம்பத்திரண்டு.

நேர்முகத் தேர்வு நடந்தது. ஏழாவது படத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடம் கிடைத்ததாக அடுத்த மாதம் கடிதம் வந்தது. எந்தப் படத்துக்காகக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

கிளம்புவதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த நாட்களின் குறிப்புகள் முழுவதும் எழுவதைப் பற்றியே இருக்கின்றன. ஆடு மாட்டைப் போலவே எழுகிறது, ஆனால் வேகமாக. நாய் முன்பக்கம் நிமிர்ந்து, உட்கார்ந்து, யோசித்துவிட்டு எழுகிறது. கோழியை இரண்டு நாள் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. அண்ணன் சாப்பிட்டு முடித்து எழும்போது இடது கையை ஊன்றி, வலது முட்டியை முதலில் தூக்குகிறார்.

அதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, கோழிக்கு அடுத்தாப்பல நானா?”

“ஆமாண்ணா. இன்னொருவாட்டி உக்காந்து எழுங்க. எடது காலு என்ன பண்ணுச்சுன்னு பாக்கல.”

உட்கார்ந்தார்.