முப்பத்தேழாம் எண் குளம்பு

போர் முடிந்து கார்ன்வாலுக்குத் திரும்பிய பிறகு ஏமஸ் பெலோ மாடுகளுக்கு மட்டும்தான் லாடம் அடித்தார். யாராவது குதிரையைப் பிடித்து வந்தால் அடுத்த பட்டறைக்குக் கை காட்டிவிடுவார். திமிர் பிடித்த மனுஷன் என்று ஊர் பேசியது. பேசட்டும், ஊருக்கு என்ன தெரியும்!

கிரிமியப் போரில் அவர் குதிரைப்படையின் லாட சார்ஜென்ட். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குளம்பில் அதன் எண்ணைச் சூட்டுக்கோலால் பொறிப்பது அவர் வேலை. குதிரை செத்தால் அந்தக் குளம்பைக் கோடரியால் வெட்டி ஒப்படைப்பதும் அவர் வேலை. குளம்பு வராவிட்டால் வீரன் குதிரையை விற்றுவிட்டான் என்று மேலிடம் சந்தேகப்படும். துறைமுகத்தில் கப்பல் நிறைய வைக்கோல் கிடக்க, பனி கொட்டும் மேட்டில் குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் தின்றனவே, அதைப் பற்றி மட்டும் மேலிடத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

முப்பத்தேழாம் எண் பெக் என்ற பெட்டைக் குதிரை. அதன் வீரன் சைலஸ் க்ரௌச் தன் ரொட்டியில் பாதியை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அதுவும் தள்ளாடத் தொடங்கியதும் ஏமஸிடம் வந்து நின்றான்.

“கீழ கிராமத்துல செய்தாமெத்துன்னு தாத்தார் இனத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, சார்ஜென்ட். கொட்டில்ல புல்லு இருக்கு, ஓட்டிட்டு வான்னு சொல்றாரு. எனக்குக் காசு வேணாம். அவ பொழச்சாப் போதும்.”

“குளம்புக்கு நான் எங்கடா போவேன்?”

“தினம் இத்தனை சாவுது. குளம்புக்கா பஞ்சம்?”

ஏமஸ் அவனைக் கண்டபடி திட்டி அனுப்பினார். பிறகு பள்ளத்தில் கிடந்த ஒரு செத்த குதிரையின் எண் போடாத வேறொரு காலை வெட்டி, இரும்பைக் காய்ச்சி, முப்பத்தேழு என்று சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குவியலில் எறிந்தார். கணக்கில் பெக் செத்தது. கொட்டிலில் புல் தின்று தேறியது. அந்தக் குளிர்காலத்தில் ஏமஸுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஒன்றை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள். தீனி வேளைக்கு எக்காளம் ஊதுவது படையின் வழக்கம். தீனியே இல்லாததால் அதை நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் ஒருநாள் வைக்கோல் மேடேறி வந்தது. எல்லோரும் மகிழ்ந்து எக்காளம் ஊதினார்கள். அறுந்த கயிறு இழுபட, மினுமினுவென்ற உடம்போடு பெக் ஓடிவந்து வரிசையில் தன் பழைய இடத்தில் நின்றது.

கேப்டன் லாசெல் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஏமஸைத் தனியே அழைத்து, கர்னல் வைக்கோலைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார், இது அவர் கண்ணில் பட்டால் சைலஸின் முதுகுத்தோலை உரித்துவிடுவார்கள் என்றார்.

“திரும்பக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுடறேங்கய்யா.”

“கட்டுனதை அறுத்துட்டுதானே வந்திருக்கு? நாளைக்கும் எக்காளம் ஊதுவோம், பெலோ.”

ஏமஸ் கோடரியை எடுத்துக்கொண்டார். பெக்கைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போனார். சைலஸ் ஒரு கை வைக்கோலோடு பின்னாலேயே வந்தான். தின்னுமட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டான். ஏமஸ் பொறுத்தார். எத்தனையோ குதிரைகள் பசியில் சாவதைப் பார்த்தவர், வயிறு நிறைந்த ஒன்றை அன்றுதான் வெட்டினார்.

பழக்கதோஷம், கை தானாகவே குளம்பையும் வெட்டிவிட்டது. அதை யாரிடம் கொடுப்பது? முப்பத்தேழு எப்போதோ செத்துவிட்டதே. குளம்பைப் பிடித்தபடி அவர் சேற்றில் நின்று அழுதார்.

சைலஸ் கையை நீட்டினான்.

“எங்கிட்ட குடுங்க, சார்ஜென்ட். செத்தது என் குதிரைதானே.”