பகல்ல செஞ்ச இருட்டு

அண்ணன் எங்ககிட்ட கேட்டது ஒன்னே ஒன்னுதான். "நான் செத்தா எல்லாரும் கறுப்புல வாங்கடா. கண்ணுக்கு மை போட்டுக்கிட்டு வாங்க. என் பொண்டாட்டி ஒரு தடவையாவது நான் யாருன்னு தெரிஞ்சுக்கட்டும்." நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொன்ன மாசம் அது. "சும்மா இருங்கண்ணே, சாவுற பேச்சு எதுக்கு"ன்னு திட்டுனதும் நான்தான், சரின்னு வாக்குக் குடுத்ததும் நான்தான். அந்த வாக்கை நான் காப்பாத்தல.

அண்ணன்னா கூடப்பொறந்தவர் இல்ல. ஹட்டன் டவுன்ல ஒரு முஸ்லிம் முதலாளியோட கடைக்கு மேல, மாடி ஹோல்ல, பதினஞ்சு வருஷத்துக்கு மேல எங்களைக் கூட்டி ஆட விட்டவர். எளவயசுல கொழும்பு ஹோட்டல் ஒன்னுல லைட் போடுற வேலை பாத்தாரு. அங்க வெள்ளைக்காரங்க சில பேர் கறுப்பு உடுத்தி, கண்ணச் சுத்தி மை அப்பி, துக்கமான பாட்டுக்கு மெதுவா ஆடுறதைப் பாத்திருக்காரு. கோத்னு பேர் சொன்னாங்களாம். அந்த சீடி எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கிட்டு மலைக்கே திரும்பி வந்துட்டாரு.

வெளிநாட்டுல இந்த மாதிரி கிளப் ராத்திரி முழுக்க நடக்குமாம். எங்களுக்கு ஏது ராத்திரி? பொகவந்தலாவைக்குப் போற கடைசி பஸ்ஸ விட்டா அவ்வளவுதான், நடக்க வேண்டியதுதான். அதனால எங்க கிளப்பு ஞாயித்துக்கிழமை பகல் ஒரு மணிக்கு. மாசத்துக்கு ஒரு தடவ. தேயிலை நாத்து வளக்கிற கறுப்பு பொலித்தீன ஜன்னல் பூரா ஆணி வச்சு அடிச்சிடுவோம். வெளிய வெயில் கொளுத்தும், கீழ மரக்கறி ஏலம் போடுவானுங்க. உள்ள நாங்களே செஞ்ச இருட்டு. கொழுந்து நிறுக்கிறவன், சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறவன், ஃபார்மசியில நிக்கிற ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, நான், இப்பிடி இருபது பேர்.

முதலாளி போட்ட கட்டளை ஒன்னுதான். பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா பாட்டு நிக்கணும். நிப்பாட்டுவோம். பாங்கு முடியிற வரைக்கும் இருட்டுல அசையாம நிப்போம். எனக்கு ஆட்டத்தைவிட அந்த அமைதிதான் பிடிக்கும். நாங்க குடியிருக்கிற தோட்டத்து லயத்துல வீடெல்லாம் வரிசையா ஒட்டியிருக்கும், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமுனா அந்தப் பக்கம் "மாத்திரை போட்டியா"ன்னு கேப்பாங்க. அப்பா போனப்ப எனக்கு அழக்கூட எடமில்ல, ஊரே சுத்தி நின்னுச்சு. மூனு மாசம் கழிச்சு அந்த மாடியிலதான் தேம்பித் தேம்பி அழுதேன். ஏன்னு ஒருத்தனும் கேக்கல.

சாயந்தரம் தேங்காயெண்ணெயும் பழைய பேப்பரும் கைமாறும். மையத் தொடச்சு, மூஞ்சியக் கழுவித்தான் பஸ் ஏறுவோம். அப்பிடியும் பஜார்ல எங்களுக்குப் பேய்க்கூட்டம்னுதான் பேரு. போற வழியில காறித் துப்புனவங்க இருக்காங்க. அண்ணன் வீட்டுல வயரிங் வேலைன்னு சொல்லிட்டு வருவாரு. போறப்ப கோடு போட்ட சட்டைக்கு மாறி, நல்ல பிள்ளையா பூண்டுலோயா பஸ்ஸுல ஏறிடுவாரு.

கார்த்திகை மாசம் ஒரு விடியக்காலையில அண்ணன் போயிட்டாரு.

அண்ணனோட தோட்டத்துக்கு ஏழு பேர் கெளம்புனோம். பொம்பளப் புள்ளைங்கள வீட்டுல விடல. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்துல எங்க வழக்கப்படி கறுப்பு மணி மாலை. மை டப்பா என் பையில. லயத்துக் குழாய்கிட்ட நின்னு போட்டுக்கலாம்னு யோசனை. பஸ்ஸ விட்டு எறங்குனா ஒரே சேறு. சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, வெறுங்காலோட மேட்டுல ஏறுனோம்.

லயம் தெரியிற வளைவுல ஒரு பெரியவர் ஓடி வந்து எங்களை மறிச்சாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அவர் ரெண்டு கையையும் கூப்பி, "சாமி சரணம்"னாரு. "கீழ சாவு விழுந்திருக்கு சாமி. மாலை போட்டவங்க வரக்கூடாதுங்க. இங்கயே நில்லுங்க."

கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போட்டவங்க கறுப்புதான் உடுத்துவாங்க, வெறுங்காலோட நடப்பாங்க. பொடிப் பையனா இருந்தாலும் சாமின்னுதான் கூப்பிடுவோம். சாவு வீட்டை மிதிச்சா விரதம் கெட்டுப்போகும். பொறந்ததுலருந்து பாக்குற வழக்கம். ஏழு தடிமாடுங்க கெளம்பி வந்தோம், ஒருத்தனுக்காவது அது ஞாபகம் வந்துச்சா?

நாங்க சாமி இல்லைங்கன்னு சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, அப்ப யாரு நீங்கன்னு கேப்பாங்க. பேய்க்கூட்டம்னு சொல்லணும். அதுமட்டும் இல்ல. அத்தனை வருஷத்துல அந்தக் கறுப்பைப் பாத்து ஒரு மனுஷன் கும்பிட்டது அன்னைக்குத்தான். பெரியவர் மேல் லயத்துலருந்து கழுவுன கிளாஸ்ல தேத்தண்ணி வரவழைச்சாரு. குடிச்சோம். அந்த மரியாதை எனக்கு நல்லா இருந்துச்சு. இதை மறைச்சா நான் எழுதுறது பூரா பொய்.

தப்பு அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. பாடை கீழ்ப் பாதையில வந்துச்சு. லயத்துக் கடைசி வரைக்கும் பொம்பளைங்க வந்து நின்னாங்க. நடுவுல ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சிருந்தவங்கதான் அண்ணி. அதுக்கு முன்னாடி நான் அவங்களைப் பாத்ததே இல்ல. எங்க பக்கம் ஒரு தடவ நிமிந்து பாத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பாடை தேயிலைக்குள்ள மறைஞ்சதும் நாங்க திரும்பி நடந்தோம். பஸ்ஸுல ஒருத்தனும் ஒருத்தன் மொகத்தைப் பாக்கல.

பதினாறு முடிஞ்சு தனியா போனேன், சாதாரண சட்டையில. அண்ணன்கூட வேலை பாத்தவன்னு சொன்னேன். அண்ணி உக்காரச் சொல்லி, பாயை விரிச்சாங்க.

"டவுன்லருந்து ஒருத்தரும் வரலையே தம்பி. அவ்வளவு வருஷம் வேலை பாத்தாரு. ஆனா சாமிங்க வந்தாங்க. வளைவுல ஏழு சாமி நின்னாங்க. அவரைப் பாத்துக்கங்க சாமின்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். அதுதான் எனக்கு ஆறுதலு."

வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிடலாம்னு தோணுச்சு. ஒரு தடவ அப்பிடி இருந்தது போதாதா?

"அண்ணி, அது நாங்கதான்."

எல்லாத்தையும் சொன்னேன். மாடி, பொலித்தீன், பாட்டு, அவர் கேட்ட வாக்கு. அவங்க அழல, ஏசவும் இல்ல. இருந்த ஒரு ஆறுதலையும் பிடுங்கிட்டேனேன்னு எனக்குத்தான் உறுத்துச்சு.

"அவரும் கறுப்பு உடுத்துவாரா?"

"உடுத்துவாரு."

"கண்ணுக்கு மை?"

"போடுவாரு அண்ணி. அவர்தான் எங்களுக்கும் போட்டு விடுவாரு."

"படம் ஏதும் இருக்கா?"

இல்ல. மாடியில ஒருத்தரும் போன் எடுக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவரே அவர்தான். வீட்டுக்குத் தெரிஞ்சிடும்னு பயம்.

அண்ணி வாசலைப் பாத்துக்கிட்டே, "நல்லா இருந்திருப்பாரு"ன்னாங்க. "என்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாமே தம்பி. நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?"