யெல்லே படிக்கும் புத்தகங்கள்

நூலகத்துக்குத் திரும்பி வரும் புத்தகம் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஃபென்னா வரவு முத்திரை குத்துவாள். "மீன் வாடை! சாப்பாட்டு மேசையில வெச்சா படிச்சீங்க?" என்று கேட்டால் நகரத் தலைவரின் மனைவிகூட நெளிவாள். நாம் கேட்கிற புத்தகத்தைத் தரவே மாட்டாள். "அது உங்களுக்கு ஆகாது, இதைக் கொண்டுபோங்க." பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கே எரிச்சலாக வரும். ஆனால் அவள் தந்ததைப் பிரித்தால் கீழே வைக்க மனம் வராது.

ஜெர்மன்காரர்கள் ஹாலந்தைப் பிடித்து இரண்டு வருஷமாகிறது. யூதப்பெண் என்பதற்காக யூடித்தை எங்கள் நூலகத்திலிருந்து நீக்கினார்கள். பதினோரு வருஷம் ஃபென்னாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டவள். அந்தச் சிநேகிதத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. இந்தக் கோடையில் யூதர்களைப் பிடித்து ரயிலேற்றத் தொடங்கியதும் யூடித் எங்கோ ஒளிந்துகொண்டாள். எங்கே என்று ஃபென்னா கேட்டதில்லை. பால்பண்ணைக்காரர் யெல்லேவுக்குத் தெரியும், அது போதும். திங்கள்தோறும் யெல்லே பேரில் ஆறு புத்தகம் போகும், ஆறு வரும். வந்ததை முகர்ந்துவிட்டு, "வைக்கோல் வாசனை. நல்லாத்தான் இருக்கா," என்று என் காதில் சொல்வாள்.

போன வாரம் கறுப்புச் சீருடைப் போலீஸ்காரன் ஒருவன் வந்து வாசகர் அட்டைகளைப் புரட்டினான்.

"யெல்லேயா? பிரெஞ்சுக் கவிதையா? அந்தாளு கையெழுத்துப் போடவே அரை நாள் ஆகுமே!"

ஃபென்னா அசரவில்லை. "பொண்டாட்டியும் போய்ச் சேர்ந்துட்டா. மாட்டோட எவ்வளவு நேரந்தான் பேசுவாரு, நீங்களே சொல்லுங்க."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பெயரைக் குறித்துக்கொண்டு போனான்.

"அவளுக்குப் பிடிச்சதையே பாத்துப் பாத்து எடுத்தேனே! யெல்லேக்குப் பொருந்துமான்னு யோசிக்கவேயில்ல. புத்திகெட்டவ நான்," என்று ஃபென்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தத் திங்கள் யெல்லே வந்தார். ஒரே ஒரு தடித்த புத்தகம் காத்திருந்தது. மாட்டு நோய்களைப் பற்றியது.

"இதோட நிறுத்திக்குவோம், யெல்லே. இனிமே வராதீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாட்டு நோயா? அவங்க என்னைத் திட்டித் தீர்த்துடுவாங்களே."

"திட்டட்டும். உசுரோட இருந்து திட்டட்டும்."

முத்திரை குத்தி நீட்டினாள். யெல்லே வாங்கப் போனார், புத்தகம் வரவில்லை. மெல்ல இன்னொரு முறை இழுத்தார். ஃபென்னாவின் விரல்கள் அட்டையை விடவில்லை.