ராத்திரி தங்காத ஆராய்ச்சி

செடியைப் பறிப்பது, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அமுக்குவது, காய்ந்ததும் பெயர் எழுதி ஒட்டுவது: தாவரவியல் ஆய்வுக்காரர்களின் பிழைப்பு இவ்வளவுதான். அதில் பெண்ணாக இருந்துவிட்டால் செடியோடு சேர்த்து நம்மையும் அமுக்குவார்கள் என்பது, மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு அழுத சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஆய்வகப் பயிற்சி நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். எனக்குச் சமமாக இன்னொருவர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரரான கரீம். எங்கள் இருவரில் ஒருவரை இரண்டு வருஷ ஆராய்ச்சிக்குச் சென்னைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அது கிடைத்தால் விரிவுரையாளர் ஆகலாம். கிடைக்காவிட்டால் கண்ணாடித் தகடு கழுவியே ரிட்டையர் ஆகவேண்டியதுதான். எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

கேம்ப் என்றால் என்ன

வருஷா வருஷம் எங்கள் வேலையை அளக்க ஒரு படிவம் உண்டு. 'வெளியூர் கேம்ப் எத்தனை நாள்?' என்று அதில் ஒரு கட்டம். கரீமுக்கு இருபத்திரண்டு. எனக்குப் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் திருமயத்துக்கோ அன்னவாசலுக்கோ போய், பாறை இடுக்கிலும் கண்மாய்ச் சேற்றிலும் தேடி, முட்டியில் சிராய்ப்போடு திரும்பியவள் நான். பெண்களை வெளியூரில் தங்க அனுப்பக் கூடாது என்று விதி போட்டதும் இதே கல்லூரிக்காரர்கள்தான்.

அந்தப் பூஜ்யம் ஏன் என்று எங்கள் டிபார்ட்மெண்ட் புரொபசரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், என்மேல் பிரியம் உள்ளவர். அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடுதல். குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார்: "ராத்திரி தங்கினாத்தாம்மா கேம்ப். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டா அதுக்குப் பேரு பிக்னிக்."

சிறப்புத் தகுதி

அதே படிவத்தில் 'சிறப்புத் தகுதி' என்று இன்னொரு கட்டம். கரீமுக்கு 'ஆராய்ச்சியில் முனைப்பு'. எனக்கு எழுதியதைப் புரொபசரே பெருமையோடு வாசித்துக் காட்டினார்: 'சாந்த குணம். விருந்தினர்களுக்குக் காப்பி ஏற்பாடு வெகு நேர்த்தி.' கண்மாய்ப் பாசியைப் பற்றி நான் எழுதிய கட்டுரை அந்த வருஷந்தான் ஒரு சஞ்சிகையில் வந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் சாந்த குணம் அன்று எந்த அழகில் இருந்தது என்பதை என் மாணவிகளைத்தான் கேட்கவேண்டும்.

ஆய்வகத்துக்கு வந்து அட்டெண்டர் முத்துக்கருப்பனிடம் புலம்பித் தீர்த்தேன். மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை அப்படியே வைத்துவிட்டார். அவருக்கு நிஜமாகவே மனசு வருத்தம்: "காப்பி போட்டது நானுங்கம்மா. என் பேருல்ல அதுல வரணும்?"

கேட்காத கேள்வி

சென்னைக்கு அனுப்பும் ஆளைத் தேர்ந்தெடுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கமிட்டியாக வந்தார்கள். எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். கரீம் ஆராய்ந்துவந்த கடலோர உமரிச் செடியைப் பற்றி அவரிடம் கால் மணி நேரம் ஆசையாக விசாரித்தார்கள். என் பக்கம் திரும்பியதும், "கல்யாணம் எப்பம்மா? ஆனதும் ஆராய்ச்சியை விட்டுருவீங்களா?" என்றார் நடுவில் இருந்தவர். பத்து நாளாகப் பாசியைப் பற்றிப் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். "முதல்ல இதைப் பாருங்கய்யா" என்று, நான் ஒட்டிவைத்த செடித்தாள் கட்டைத் தூக்கி மேஜையில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.

என்னைப் போலவே அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவர் கரீம். பேசாமல் இருந்திருந்தால் இடம் அவருக்கே கிடைத்திருக்கும். வகுப்பில் பையன்கள் எழுந்திருப்பதுபோல் எழுந்து நின்றார்: "ஐயா, எனக்குப் போன மாசந்தான் நிக்காஹ் ஆச்சு. என்னைய இதைக் கேக்கவே இல்லியே?"

தேதி போட்ட தாள்கள்

மூவரில் மூத்தவர் மெல்லக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஊர், தேதி, பறித்தவர் பெயர் இருக்கும். அது எங்கள் தொழிலில் கட்டாயம். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் புரொபசர் தேதிக்கு ஒன்றாகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். திருமயம், அன்னவாசல், மறுபடி திருமயம். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கத்துக்குப் போனது. கடைசித் தாள் வந்தபோது கரீமுடைய இருபத்திரண்டு நாளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கோடுகள் இருந்தன. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தில் இருந்த பூஜ்யத்தைத் தன் கையாலேயே அடித்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்னுதும்மா. எங்கிட்டுத் தங்குனீங்கன்னு பாத்தேனே தவிர, என்ன கொண்டாந்தீங்கன்னு பாக்கலை."

உத்தரவு

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது, என் பெயருக்குத்தான். கரீம் அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து சேர்ந்துகொண்டார். உத்தரவின் அச்சடித்த தாளில் பெயருக்கு முன்னால், ஆண்களுக்குப் போடும் 'ஸ்ரீ' மட்டுமே இருந்தது. இந்த உத்தரவு ஒரு பெண்ணுக்குப் போகும் என்று அச்சடித்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. திருத்தச் சொல்லலாமா என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். "அனுப்புனா திரும்பி வர ஒரு வருசமாகும். பேசாம ரயிலேறுங்கம்மா!" என்றார்.

ஆக, எங்கள் டிபார்ட்மெண்டின் முதல் ஆராய்ச்சி மாணவியை ஆம்பளையாக்கித்தான் ரயிலேற்றினார்கள். எனக்குப் பின்னால் வந்தவளிடம் 'ஸ்ரீமதியா, குமாரியா?' என்று கேட்கும் அளவுக்காவது முன்னேறிவிட்டார்களே!