ஊமைப்படத்தின் மீதிச் சுருள்

ஊமைப்படங்களில் திருட்டும் சண்டையும் உள்ளவற்றை மட்டுமே சேர்த்துவந்தேன். கூரை விட்டுக் கூரை தாவுகிறவன் அவற்றில் நிஜமாகவே தாவினான். விழுந்தால் நிஜமாகவே அடிபட்டான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

திருவாதவூரில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர் வீட்டுப் பரணில் அப்படியொரு வெளிநாட்டுச் சுருள் கிடைத்தது. முகமூடித் திருடன் பாலத்தில் தொங்குவான். துப்பறிபவன் அவன் மணிக்கட்டைப் பிடித்திருப்பான். அத்தோடு சுருள் தீர்ந்துவிடும். பன்னிரண்டு வருடமாக, அவன் விழுந்தானா என்று எனக்குத் தெரியாது.

மகால் பக்கம் பட்டு வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரா நண்பர் ஒருவருக்கும் இதே பைத்தியம். அவரிடமிருந்த சுருளில் முகமூடிக்காரன் ரயில் கூரையில் சண்டையிட்டுப் பிடிபடுவானாம். அதுதான் மீதி என்று இருவருமே நம்பினோம். அவர் என்னுடையதைக் கேட்டார், நான் அவருடையதைக் கேட்டேன். ஒருவரும் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

போன சித்திரையில் அவர் போன் செய்தார். கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறதாம்.

“அண்ணே, கண்ணு கொஞ்சம் தெரியுறப்பவே ரெண்டையும் சேத்துப் பாத்துருவோம்” என்றார்.

மத்தியான வெயிலில் என் சுருளோடு விளாங்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அவர் வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை நின்று நின்று ஏறினேன். ஜன்னலைப் போர்வையால் மூடி, அவருடைய புரொஜக்டரில் முதலில் என்னுடையதை ஓட்டினோம், பிறகு அவருடையதை. ஒரு நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முகமூடிதான் ஒன்று, ஆள் வேறு. துப்பறிபவனும் வேறு. அவருக்குத் தெரிந்திருக்காது, சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

சுருள் முடிந்ததும் அவரே, “அண்ணே, இவன் அவன் இல்ல” என்றார். “மொகமெல்லாம் எனக்கு மங்கல்தான். ஆனா உங்காளு குதிச்சா குதிகாலை ஊனுறான். என்னாளு பூனை கணக்கா நுனிக்கால்ல நிக்கிறான்.”

ஆமாம் என்றேன். உள்ளே அவர் மனைவி அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். இவர் சுருளைத் தடவிக் கழற்றினார். இம்புட்டு வருசம் இதுக்கா மல்லுக்கட்டினோம் என்று முனகினார்.

கிளம்பும்போது தன் சுருளையும் என் பையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துவரச் சொன்னார். மறுக்க எனக்குத் தெம்பில்லை.

போன வாரமும் போனேன். அவருக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. யார் எங்கே தாவுகிறான், யார் யாரை அடிக்கிறான் என்று நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். மாடியேறிய மூச்சு அடங்காததால் சண்டை வரும்போது பின்தங்கிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் போதும் என்கிறார் அவர்.