எரேமியாவின் வயலும் கனகபாய் டீச்சரும்

முகூர்த்த நாளில் பூதப்பாண்டி பத்திரப் பதிவு அலுவலகத்தின் முன்னால் நிற்க இடம் இருக்காது. எதிரே இருக்கும் என் எழுத்துக்கடையிலும் அப்படித்தான். அப்படியொரு காலையில் ஒரு வீட்டுமனைக்குக் கிழக்கெல்லை சொல்லி எழுதிக்கொண்டிருந்தபோது குளத்தங்கரையில் பயிர் செய்யும் செல்லம்மை வந்து வாசலில் நின்றாள். முழங்கால் வரை சேறு. வயலிலிருந்து நேரே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“கனகபாய் டீச்சரு போயிட்டாவ அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில வச்சு, காலம்பற. இப்பம்தான் போன் வந்துது.”

கிழக்கெல்லைக்குப் பிறகு என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்களை அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு என் மேல் வருத்தம். முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஒருவர் முணுமுணுத்தார். தப்பினால் தப்பட்டும் என்று இருந்தது.

எஸ்தர் கனகபாய் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எரேமியா என்ற எபிரேயத் தீர்க்கதரிசியை யூதர்கள் எப்படி வாசித்தார்கள், கிறிஸ்தவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. அதற்காகவே எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு அஞ்சலி எழுதப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். சிவன் கோயிலுக்குப் போகிறவன், பைபிளை அவர் சொல்லித்தான் தெரியும். நான் எழுதுவதன் காரணம் போகப்போகத் தெரியும்.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். என் வயதுதான் இருக்கும். “ஒரு வயலைப் பற்றிச் சந்தேகம் கேக்கணும்” என்றார். தகராறுள்ள சொத்து என்று நினைத்து நான் பேனாவை எடுத்தேன்.

“ஊரு எது டீச்சர்?”

“அனதோத்.”

“தோவாளைத் தாலுகாவா? கேள்விப்பட்ட மாதிரி இல்லையே.”

அவர் சிரிக்கவில்லை. மரியாதையாக, “எருசலேமுக்குப் பக்கம் அண்ணாச்சி” என்றார். பிறகுதான் சிரித்தார். அந்தக் கேள்வியை நாகர்கோவிலில் எத்தனை பேரிடம் சொல்லி என் மானத்தை வாங்கினார் என்பது கணக்கில் அடங்காது.

கதையைச் சொன்னார். எருசலேமைப் பாபிலோன் படை வளைத்து நிற்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய சித்தப்பா மகன் வந்து, அனதோத்தில் இருக்கும் என் வயலை நீ வாங்கிக்கொள் என்கிறான். வயல் இருப்பது எதிரிப் படையின் காலடியில். எரேமியா வாங்குகிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு மூடியது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்பதற்கு அது அடையாளம்.

“இரண்டும் ஒரே பானையில இருக்கப்போகுதுண்ணா எதுக்கு இரண்டு?” என்று கேட்டார்.

“திறந்தது எல்லாரும் பாக்கியதுக்கு. மூடினது தர்க்கம் வந்தா உடைச்சுப் பாக்கியதுக்கு. இதுல என்ன சந்தேகம்?” என்றேன். அறிஞர்கள் சொல்வதும் அதுதானாம். இருந்தாலும் தொழில் செய்கிறவன் வாயால் கேட்கவேண்டும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. “ஆனா உங்க எரேமியா பத்திரத்துல ஒரு குறை உண்டு டீச்சர். நாலு எல்லை சொல்லல்ல. வடக்கே யாரு வயலு, தெக்கே எந்த ஓடை, ஒண்ணும் இல்லை. இதைக் கொண்டுவந்தா நான் திருப்பி அனுப்புவேன்” என்றேன்.

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு ஒரு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. எல்லை சொல்லவேண்டுமானால் வயலில் போய் நிற்கவேண்டும். அந்த வயலில் எதிரி நிற்கிறான். போய்ப் பார்க்க முடியாத வயலை ஒருவன் வாங்கியதைத்தான் அந்த விடுபட்ட எல்லைகள் சொல்கின்றன என்று எழுதியிருந்தார். அடியில் குறிப்பாக, இதைக் கவனித்தவர் பூதப்பாண்டி ஆவண எழுத்தர் ஒருவர் என்று இருந்தது. என் வாழ்நாளில் பிறர் பெயரில் எத்தனையோ ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு வரி அன்றுதான் எழுத்தில் பார்த்தேன்.

“இருக்கியதை எல்லாரும் பாப்பாவ. விட்டது எதுண்ணு பாருங்க” என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கு. எரேமியாவின் பழைய கிரேக்கப் பிரதி எபிரேயப் பிரதியைவிடக் குறைவானதாம். எந்த வரி எங்கே இல்லை என்று பார்ப்பதிலேயே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. “ஒருத்தன் ஒரு வரியை விட்டா, மறந்து விட்டிருப்பான், இல்லேண்ணா பயந்து விட்டிருப்பான், அதுவும் இல்லேண்ணா பாசத்துல விட்டிருப்பான். எதுண்ணு கண்டுபிடிக்கியதுதான் என் வேலை” என்பார். இந்த வாக்கு ஒரு நாள் என் தலையிலேயே வந்து விழும் என்று அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சபையில் வெளியூர்ப் போதகர் ஒருவர், எரேமியா புது உடன்படிக்கை என்று சொன்னதால் யூதர்களின் பழைய உடன்படிக்கை ரத்தாகிவிட்டது என்று பிரசங்கம் செய்தாராம். டீச்சர் மறுநாள் கோபத்தோடு என் கடைக்கு வந்தார். “ரத்துப் பத்திரத்துக்கும் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க.”

“பார்ட்டி யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றேன்.

“கடவுளும் இஸ்ரவேல் ஜனமும். முன்னாலயும் அதுதான், பிறகும் அதுதான். கல்லுல எழுதினதை இனி நெஞ்சுல எழுதுவேங்காரு.”

“ரெண்டு பக்கமும் அதே ஆளுண்ணா, சொத்தும் அதேண்ணா, அது பழசுக்கு உயிர் குடுக்கிய பத்திரம்லா? ரத்துண்ணு யாரு சொன்னா?”

மேஜையைத் தட்டினார். யூத அறிஞர்கள் காலகாலமாகச் சொல்வதும் அதுவே என்றார். கிறிஸ்தவர்கள் அந்த வரியில் தங்கள் பெயரையும் கண்டுகொண்டார்கள், அதில் தப்பில்லை, ஆனால் முதலில் இருந்தவன் பெயரை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார். அடுத்த வரியிலேயே கடவுள் சூரியனையும் சந்திரனையும் காட்டி, இவை ஒழிந்தால்தான் அந்த ஜனம் ஒழியும் என்கிறாராம். “எங்க கிரயப் பத்திரத்துலயும் அதேதான் டீச்சர்” என்று நான் ஒப்பித்தேன்: புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திரர் உள்ளவரை, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். எனக்கு அது தினமும் எழுதித் தேய்ந்த வரி. அவர் கேட்ட விதத்தில் எனக்கே புதிதாக இருந்தது.

இரண்டு வாசிப்புகளையும் அவர் நேசித்தார் என்பதைச் சொல்லவேண்டும். ஒன்றை உயர்த்த இன்னொன்றை அவர் மட்டம் தட்டியதில்லை. யூதர்கள் வருடத்தில் ஒரு முறை இந்த வயல் கதையை, நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் சட்டத்தோடு சேர்த்துத் தொழுகையில் வாசிக்கிறார்கள் என்றார். கிறிஸ்தவர்களின் சுவிசேஷத்திலும் எரேமியாவின் பெயரைச் சொல்லி ஒரு நிலம் வருகிறதாம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வீசிவிட்டுப் போன வெள்ளிக்காசில் வாங்கிய குயவன் நிலம். அது அந்நியரைப் புதைக்கும் இடமாகிறது. “ஒரு பக்கம் விளையப்போற வயலு, இன்னொரு பக்கம் கல்லறை. இரண்டுலயும் எரேமியா பேரு. இதை எப்படி முடிச்சுப்போடுகதுண்ணுதான் என் கடைசி அத்தியாயம் நிக்குது” என்றார். அந்த அத்தியாயம் நெடுநாள் நின்றது.

பிறகு நோய் வந்தது. மாதக்கணக்கில்தான் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் துபாயில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன், பூதப்பாண்டிக்குப் பக்கம் குளத்தை ஒட்டிய தன் வயலை விற்கப் புறப்பட்டான். பிளாட் போடுகிறவர்கள் ஏற்கெனவே வரப்பில் வந்து நின்று அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தவள் செல்லம்மை. டீச்சர் எனக்குப் போன் செய்து, அந்த வயலைத் தான் வாங்கப்போவதாகவும் நான்தான் பத்திரம் எழுதவேண்டும் என்றும் சொன்னார்.

நான் மாட்டேன் என்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “டீச்சர், நீங்க எரேமியா வேஷம் போடுகீங்க. நீங்க போன அடுத்த மாசம் பிளாட்டுக்காரன் அந்த வயலுல கல்லு நடுவான். அதுக்கு நான் எழுத மாட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சாகப்போகிறவரிடம் பேசுகிற பேச்சா? அவர் போய்விடுவார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை வயலின் மேல் காட்டினேன், அவ்வளவுதான். மூன்று வாரம் அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிறகு நானே போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், மெலிந்து போயிருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

“நான் எரேமியா இல்ல அண்ணாச்சி. அவருக்குக் கடவுள் வந்து சொன்னாரு, வாங்குண்ணு. எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு.”

நான் அழுதுவிட்டேன். அவர் என்னை அழவிட்டு, பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பீங்கான் ஊறுகாய்ப் பரணியை எடுக்கச் சொன்னார். கழுவித் துடைத்து வைத்திருந்தது. “மண்பாண்டத்துக்கு எங்க போக? இது போதும். இரண்டு எழுதணும். திறந்தது கிரயப் பத்திரம். மூடினது உயில். வயலு எனக்குப் பிறகு செல்லம்மைக்கு. அவளுக்கு இப்பம் தெரிய வேண்டாம்” என்றார். நான் பயந்ததற்கெல்லாம் அவர் எனக்கு முன்பே பதில் யோசித்து வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே கிரயப் பத்திரத்தின் வரைவை அடித்தேன். நான்கெல்லையும் சுத்தமாக வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். ஓரத்தில் என்னவோ எழுதினார். தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை இல்லாதவண்ணு விட்டீங்களா, சாகப்போறவண்ணு விட்டீங்களா?”

மாட்டிக்கொண்டேன். புத்திர பௌத்திரர் என்று அவருக்கு எப்படி எழுதுவது? மாதங்கள் எண்ணிக்கொண்டிருப்பவருக்குச் சூரிய சந்திரரை எப்படி எழுதுவது? முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வரி இல்லாமல் நான் எழுதிய ஒரே பத்திரம் அது.

“இரண்டுக்கும்தான் டீச்சர்” என்றேன்.

“எரேமியாவுக்கும் பிள்ளை கிடையாது அண்ணாச்சி” என்றார். “கல்யாணம் கட்டாதேண்ணு கடவுளே சொல்லிப்போட்டாரு. அந்த வயலுல ஒரு நெல்லு அவரு கண்டதாக் கதையில இல்ல. கடைசியில எகிப்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாவ. பிள்ளையும் இல்லாம, நாளும் இல்லாம வாங்கின வயலு அது. அந்த வரிக்காகத்தான் நான் வாங்குகேன். அதைப் போய் விட்டீங்களே.”

திருத்தி எழுதினேன். உயிலையும் எழுதி, அவரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டதும் அரக்கு வைத்து மூடி, பரணியில் போட்டு என் கடையில் வைத்தேன். பதிவன்று சக்கர நாற்காலியில் வந்து கைரேகை வைத்தார். திரும்பும் வழியில் ஆட்டோவைக் குளத்தங்கரையில் நிறுத்தச் சொன்னார். நாற்று நட்டு முடிந்த நேரம். செல்லம்மை மடை திறந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து கும்பிட்டாள். “எரேமியாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சாச்சு. நான் பாத்துட்டேன்” என்றார் டீச்சர். பிறகு, “என்னை இதுல கொண்டுவந்து வச்சிராதீங்க. சபைக் கல்லறையில இடம் இருக்கு. இது விளையட்டும்” என்றார். அவருடைய கடைசி அத்தியாயம் அந்த ஆட்டோவில் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். எழுத்திலும் முடித்துவிட்டார். அவருடன் வேலை பார்த்த பேராசிரியை ஒருவர் அதை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

அவர் விரும்பியபடியே சபைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் சாட்சிகளையும் செல்லம்மையையும் கடைக்கு வரவழைத்து, பரணியைத் திறந்து, அரக்கை உடைத்து உயிலை வாசித்தேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“குத்தகையை மாத்தப்போறியளா அண்ணாச்சி?”

“குத்தகை இல்லட்டீ. வயலே உனக்கு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும், சூரிய சந்திரர் உள்ளவரை.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கதிரு பால் பிடிக்கிய நேரம், மடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்” என்று எழுந்தாள். வாசலில் நின்று, “அறுப்புக்கு டீச்சரு இல்லாமப் போச்சே” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கிரயப் பத்திரமும் உயிலும் இப்போது செல்லம்மையிடம் இருக்கின்றன. பரணி என் மேஜை மேல் இருக்கிறது. அதனுள் நான் வைத்திருப்பது அந்த முதல் வரைவு, வரி விடுபட்ட தாள். எந்த அலுவலகத்திலும் செல்லாத பத்திரம் அது. இப்போதெல்லாம் கிரயம் எழுத வருகிறவர்களுக்கு அந்த வரியை மட்டும் நான் நிறுத்தி, சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். வரைவின் ஓரத்தில், பென்சிலில் டீச்சர் எழுதியிருக்கிறார்:

“சூரியனும் சந்திரனும் எங்கே, அண்ணாச்சி?”